பூட்டிய பெரிய வீட்டை என்ன செய்வது? செட்டிநாட்டுப் பங்காளிகளுக்கு முன்னால் உள்ள வழிகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று செட்டிநாட்டில் எந்த ஊரில் பெரிய வீடு இருந்தாலும், அந்தக் குடும்பம் ஒரு நாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விற்பதா, பூட்டியே வைப்பதா, ஓட்டலுக்குக் குத்தகை விடுவதா, ஒரு பகுதியை மட்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருவதா? பழைய வீடுகளின் கூரையையும் சுவரையும் பார்த்து, என்ன வேலை செய்யலாம் என்று சொல்வது என் தொழில் என்பதால் என்னிடம் இதை அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில் இதில் கடைசியாகச் சொன்ன வழிதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் மனதில் வைத்து எழுதும் வீடு இப்படிப்பட்டது. 1880-க்கும் 1940-க்கும் இடையில் கட்டியது. பர்மாத் தேக்கு உத்திரம், நாட்டு ஓட்டுக் கூரை, ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் பூவேலை ஓடு) பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. பங்காளிகள் ஆறேழு பேருக்கு மேல். சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறி இருக்கிறார்கள். கூரை இரண்டு மூன்று இடத்தில் ஒழுகுகிறது, சுவர் நன்றாக இருக்கிறது. படைப்புக்கும் (குடும்பம் கூடி முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கிறார்கள்.

சட்டம் வந்து இந்த வீட்டைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப் பரிசீலிக்கக்கூடிய இடங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டன. அதனால் பெருமை வந்தது, பயணிகள் வந்தார்கள். ஆனால் உத்தேசப் பட்டியலில் ஊர் பெயர் இருப்பதால் ஒரு தனியார் வீட்டை இடிக்கக் கூடாது என்று யாரும் தடுக்க முடியாது. பழுதுபார்க்கப் பணமும் வராது. தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது என்றாலும், இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் விதி இன்றைக்கும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை முழுக்க உங்களுடையது, பொறுப்பும் அப்படியே.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டது என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப் (வெளிநாட்டில் தொழில் செய்யப்) போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அங்கே சம்பாதித்ததை இங்கே வீடாக்கினார்கள். ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பார்கள். வீடு நடத்தியவர்கள் ஆச்சிமார். கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. வளவை (வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம்) சுற்றி அவனுக்கென்று ஒரு அறை, அவனுக்கென்று தனி அடுப்பு, தனிக் கணக்கு. முகப்பும் வளவும் சாமி அறையும் எல்லோருக்கும் பொது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த நீள வீட்டுக்குள் நாலைந்து குடும்பம் தனித்தனியாக வாழ்ந்தது, விசேஷத்துக்கு ஒன்றாகக் கூடியது. அதாவது பொதுவானது எது, தனியானது எது என்று பிரித்துப் புழங்குவதற்கென்றே கட்டிய வீடு இது. புதிய புழக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தப் பிரிவை ஒட்டிப் போனால் வீடு ஏற்றுக்கொள்ளும். இதற்கு எதிராகப் போனால் சுவரை உடைக்க வேண்டி வரும்.

விற்பது

முழு வீடாக வாங்கி அப்படியே வைத்திருக்க ஆள் கிடைத்தால் நல்லதுதான். உள்ளூர்களில் அப்படி ஆள் கிடைப்பது அபூர்வம். சின்ன ஊரில் மனைக்குப் பெரிய விலை கிடையாது. தேக்குக்கும் கல்தூணுக்கும் நிலைக்கதவுக்கும்தான் விலை. அதனால் வாங்குகிறவர் பெரும்பாலும் பிரித்து விற்கவே வாங்குகிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் நடந்து பாருங்கள். எத்தனையோ வீடுகளின் தூணும் பெட்டகமும் கண்ணாடியும் அங்கே நிற்கின்றன.

முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றை மறுபடி நிறுத்தியிருப்பதைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அழகான முயற்சி, மரியாதைக்குரியது. ஆனால் ஓர் அருங்காட்சியகம் ஒன்றிரண்டு வீட்டைத்தான் ஏற்க முடியும். உங்கள் வீட்டுக்கு அந்த இடம் கிடைக்கும் என்று எண்ணிப் பிரிக்கத் தொடங்காதீர்கள்.

முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே கான்கிரீட் கட்டடம் எழுப்புவதை நடுவழி என்று சிலர் நினைக்கிறார்கள். வளவு போனபின் மிஞ்சுவது தெருப் பக்கத்துச் சுவர் ஒன்றுதான். செலவோ புதுவீட்டுச் செலவு. இதை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

பூட்டி வைப்பது

இதைக் கேவலமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்காகப் பூட்டி வைத்தால் வீடு இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். அவசரப்பட்டு விற்பதைவிடவும், அவசரப்பட்டுப் புதுப்பிப்பதைவிடவும் இது எவ்வளவோ மேல். ஆனால் “ஒழுங்காக” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த வீடுகள் எப்படி விழுகின்றன என்று பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே கதை. குரங்கு ஓடினாலோ மரக்கிளை உரசினாலோ ஒரு ஓடு நழுவுகிறது. ஐப்பசி மழையில் அந்த இடத்தில் தண்ணீர் இறங்குகிறது. ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டமான கைமரத்தின் நுனி சுவரில் உட்காரும் இடம் ஈரமாகவே கிடந்து உளுக்கிறது, கரையான் ஏறுகிறது. கைமரம் இறங்கினால் பக்கத்து ஓடுகளும் நழுவுகின்றன. அப்புறம் சுவரின் தலைக்குள் தண்ணீர் போகிறது. நூறாண்டு நின்ற பகுதி சில மழைக்காலத்தில் தரைக்கு வந்துவிடுகிறது. வளவின் நாலு மூலையிலும் இரண்டு கூரைச் சரிவு சேரும் இடமும், அங்கே போட்ட தகரமும்தான் முதலில் கெடும். மழை பெய்யும்போது வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும்.

ஆகவே பூட்டி வைப்பதென்றால் ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசிக்குள் ஓடு பிரித்து மாட்ட வேண்டும். மூலைத் தகரத்தையும் தூம்பையும் சுத்தம் செய்ய வேண்டும். வளவுத் தண்ணீர் வெளியேறும் வடிகால் அடைக்காமல் இருக்க வேண்டும். சுவரில் முளைக்கும் ஆல், அரசங்கன்றை வேரோடு எடுக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது கதவும் ஜன்னலும் திறந்து காற்றுப் போக வேண்டும். இதற்கு நம்பகமான ஓர் ஆளும், பங்காளிகள் ஆண்டுக்கொரு முறை தவறாமல் போடும் வரியும் தேவை. அந்த வரி நின்ற ஆண்டிலிருந்து வீடு இறங்கத் தொடங்கும். வெளியூரில் பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறை, தான் நாலு நாள் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு எத்தனை ஆண்டு வரி கொடுக்கும்? பூட்டி வைக்கும் வழியின் பலவீனம் இதுதான். வீட்டிலிருந்து வருமானம் ஒரு பைசாவும் வராது, பாசம் ஒன்றை மட்டும் நம்பி நடக்க வேண்டும்.

இடையில் சினிமா, விளம்பரப் படப்பிடிப்புக்கு விடலாமா என்று கேட்பார்கள். ஒரு நாள் வாடகை கூரைச் செலவுக்கு உதவும். ஆணி அடிக்கக் கூடாது, சுவருக்கு நிறம் பூசக் கூடாது, கூரைக்கடியில் தீ, புகை கூடாது என்று எழுதி வாங்கி, முன்பணம் பிடித்துவைத்துக் கொடுங்கள். வந்தால் வரட்டும். இதை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது.

ஓட்டலுக்குக் குத்தகை விடுவது

பலரும் ஆசைப்படுவது இதற்குத்தான். காரைக்குடியில் 1999 முதல் நடக்கும் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. சாரதா விலாஸை பெர்னார் திராகோன், மிஷேல் அத்மோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் எடுத்துச் செப்பனிட்டார்கள். செட்டிநாட்டை யுனெஸ்கோவின் கவனத்துக்குக் கொண்டுபோனதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. இந்த வீடுகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது உண்மை. பூச்சு வேலைக்கும் தச்சு வேலைக்கும் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களுக்கும் வேலை கிடைத்ததும் உண்மை.

ஆனால் உங்கள் வீடு ஓட்டலுக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். வளவைச் சுற்றிய அறைகள் பெரும்பாலும் சின்னவை, இருட்டானவை. அவை சாமான் வைக்கவும் உடை மாற்றவும்தான். மனிதர்கள் படுத்தது வளவுத் தாழ்வாரத்திலும் பட்டாலை என்ற கூடத்திலும். காற்றோட்டமான அறைகள் மாடியிலோ முன்கட்டிலோதான் (கட்டு என்பது முன்னிருந்து பின்னாக அமைந்த வீட்டுப் பகுதி) இருக்கும். ஓட்டல் நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாக இத்தனை அறை வேண்டும், ஒவ்வொன்றிலும் குளியலறை வேண்டும், நீச்சல்குளம் வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு உங்கள் வீட்டில் பொருந்தவில்லை என்றால் இரண்டு அறைக்கு நடுவில் உள்ள சுவர் போகும், பின்கட்டு போகும். இன்னொன்று, வெயில் காலத்தில் இங்கே பயணிகள் குறைவு. இத்தனை ஊர்களில் உள்ள அத்தனை பெரிய வீடும் ஓட்டலாகிவிட முடியாது என்பது கணக்குப் போடாமலே தெரிகிற விஷயம்.

குத்தகை பேசினால் பத்திரத்தில் எழுத வேண்டியவை சில உண்டு. படைப்பு நாளும் குடும்பக் கல்யாண நாளும் வீடு குடும்பத்துக்குத் திரும்பி வர வேண்டும். சாமி அறைச் சாவி குடும்பத்திடமே இருக்க வேண்டும். எந்தச் சுவரைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை வரைபடத்தில் குறித்துப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். குத்தகை முடியும்போது புதிதாகப் போட்டவற்றை எடுத்துவிட்டு ஒப்படைப்பதா, அப்படியே விடுவதா என்றும் தெளிவாக இருக்க வேண்டும். நடுவில் நிறுவனம் விலகினால் கூரைப் பராமரிப்பை யார் செய்வது? இதை எழுதாத பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்கு எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், அல்லது அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

ஒரு பகுதியை மட்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருவது

முகப்பு, வளவு, சாமி அறை மூன்றும் குடும்பத்துக்குப் பொதுவாக இருந்தபடியே இருக்கட்டும். அவற்றில் பழுதுபார்ப்பு மட்டும் போதும், மாற்றம் வேண்டாம். இரண்டாம் கட்டு, பின்கட்டு, மாடி அறைகள், இரட்டை வீடாக இருந்தால் வெளிவீடு ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பங்காளி ஒருவர் குடியிருக்கலாம். மூன்று நாலு அறையில் வீட்டுத் தங்கல் நடத்தலாம். கைத்தறிக்கோ, சமையல் வகுப்புக்கோ, ஓர் அலுவலகத்துக்கோ வாடகைக்கு விடலாம். ஓட்டல் அளவுக்குப் பணம் வராது. ஆனால் கூரைச் செலவும் காவல்காரர் சம்பளமும் வந்துவிட்டால் வீடு தன் காலில் நிற்கும். அடுப்பு எரிகிற வீட்டில் ஒழுகல் அன்றைக்கே தெரியும். பூட்டிய வீட்டில் அடுத்த படைப்புக்குத்தான் தெரியும். இந்த வழியை நான் முன்னால் வைப்பதற்கு அதுவே முதல் காரணம். முதலீடு குறைவு, தவறிப்போனால் திரும்பிப் போகலாம் என்பது இரண்டாவது.

திரும்பிப் போக முடிய வேண்டும் என்றால் வேலை செய்யும் விதத்தில் கவனம் வேண்டும். நான் பார்த்தவரை குளியலறையில்தான் அதிகம் சேதம் நடக்கிறது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைச் செருகிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் தளத்துக்கு மேல் குளியலறை கட்டினால் கசிவு நேராக மரத்துக்குப் போகும். அதனால் குளியலறைகளைத் தரைத்தளத்தில், பின்கட்டை ஒட்டிப் புதிய சிறு கட்டடமாகக் கட்டுவது நல்லது. அறையோடு சேர்ந்துதான் வேண்டும் என்றால் பக்கத்துச் சாமான் அறையை எடுத்து, பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மேல் நீர்த்தடுப்பு விரிப்பு போட்டுப் புதுத் தரையை உயர்த்தலாம். கழிவுக் குழாய் சந்துப் பக்கச் சுவருக்கு வெளியே ஓட வேண்டும். வளவுக்குக் குறுக்கே தோண்டிக் குழாய் போட விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி மாடியில் வேண்டாம்: 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. கொல்லையில் தனித் தாங்கி கட்டி அதன்மேல் வையுங்கள்.

சுவருக்கு சிமெண்ட் பூசக் கூடாது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரமாக ஏறும், உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளும். பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அப்படித்தான். உதிர்ந்த இடத்தில் நன்றாக ஊறிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் கொண்டு பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், கூலி கூடுதல், நாள் கூடுதல். முட்டைப் பூச்சு நல்ல நிலையில் இருந்தால் ஈரத்துணியால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். அதன்மேல் ஒரு முறை பெயிண்ட் அடித்தால் அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் கூடாது. தேய்ந்த கல்லை மாற்ற வேண்டுமென்றால் ஆத்தங்குடியிலேயே இன்றும் கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்து ஊற்றிக் கையால் செய்கிறார்கள், பழைய பூவேலையைக் காட்டினால் அதே மாதிரி வார்த்துத் தருவார்கள்.

மின்சாரத்தில் தயக்கமே வேண்டாம். பழைய வயரிங் முழுவதையும் மாற்றிவிடுங்கள், கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சும் போடுங்கள். தேக்குக் கூரைக்கடியில் ஒரு தீப்பொறி போதும். ஆனால் சுவரை வெட்டிப் புதைக்காமல் சுவருக்கு வெளியே குழாயிலோ மரச்சட்டத்திலோ கம்பியை ஓட்டுங்கள். ஏசி மாடி அறைகளுக்குப் போதும். வெளிப்பெட்டி பின்பக்கம் இருக்கட்டும், முகப்பில் மாட்டாதீர்கள். கீழ்த்தளத்துக்கு ஏசி தேவைப்படாது; தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் வளவு வழியாக மேலேறும் வெப்பக் காற்றும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

இதனால்தான் வளவை மூடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்கும் புறாவுக்கும் பயந்து மேலே பிளாஸ்டிக் ஷீட் போடுவது ஊர் ஊராகப் பரவிவிட்டது. போட்டதும் வீடு புழுங்கத் தொடங்கும், ஈரம் உள்ளேயே தங்கும், சுவரில் பூஞ்சை வரும். புறாவுக்கும் குரங்குக்கும் பழைய இரும்புக் கம்பி வலையோடு மெல்லிய வலை ஒன்று போதும். மழை வளவில் விழத்தான் வேண்டும். அதற்கென்றுதான் கருங்கல் பாவி, சரிவு வைத்து, வடிகால் விட்டிருக்கிறார்கள்.

பங்காளிகள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பணத்தைவிடப் பெரிய தடை கையெழுத்துதான். ஊர் வழக்கில் பங்காளி என்றால் ஆண்வழி. சட்டத்தில் அப்படி இல்லை. தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபின் மகள்களுக்கும் பிறப்பால் சமபங்கு உண்டு. அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு பின்னால் நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம்; அதைவிட, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்காமல் விடுவது சரியுமல்ல. பிரிவினை வழக்கு வந்து, வீட்டை நியாயமாகக் கூறுபோட முடியாது என்ற நிலை வந்தால், பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டால் விற்றுப் பணமாகப் பிரிக்க 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு பங்கை வெளியாள் வாங்கி வழக்குப் போட்டால், குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை மதிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. வீட்டைக் காக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் அனுபவத்தில் நன்றாக நடக்கும் ஏற்பாடு குடும்ப அறக்கட்டளைதான். முடியாவிட்டால் பதிவு செய்த குடும்ப ஒப்பந்தம். யார் வீட்டைப் பார்த்துக்கொள்வது, வருமானம் எந்தக் கணக்குக்குப் போவது, அதில் எவ்வளவு கூரைக்கென்று ஒதுக்குவது, விலக விரும்பும் பங்காளி தன் பங்கை யாரிடம் என்ன முறையில் கொடுப்பது என்ற நாலும் அதில் இருந்தால் போதும்.

சரி, எந்த வீட்டுக்கு எந்த வழி? பிரதான சாலைக்குப் பக்கம், மாடியில் நிறைய நல்ல அறை, பங்காளிகள் நாலு பேருக்குள், நல்ல பெயருள்ள நிறுவனம் தேடி வருகிறது என்றால் ஓட்டல் குத்தகையை யோசிக்கலாம். பங்காளிகளுக்குள் பேச்சே இல்லை, வழக்கு நடக்கிறது என்றால் கூரையை மட்டும் காத்து, பூட்டி வையுங்கள். கூரைச் செலவுக்கு நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்கலாம். மற்ற எல்லா வீட்டுக்கும் ஒரு கட்டை மட்டும் திறந்து புழங்கும் வழிதான் என் பரிந்துரை. கூரை ஏற்கெனவே இறங்கிவிட்ட வீட்டிலும் நிற்கிற கட்டைக் காப்பாற்றலாம்: விழுந்த பகுதியின் தேக்கை விற்காமல் அடுக்கி வைத்தால் நிற்கிற பகுதிக்கு அதுவே மாற்றுக் கைமரம். இன்றைக்கு அந்தத் தரத்தில் மரம் வாங்க முடியாது.

அடுத்த படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது கட்டடம் தெரிந்த ஒருவரை அழைத்து ஒவ்வொரு கட்டையும் அளந்து வரைபடம் போட்டு வையுங்கள். ஒழுகும் இடம், கரையான் ஏறிய மரம், வெடித்த சுவர் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேசினால் பேச்சு “என் பங்கு, உன் பங்கு” என்று போகாமல் எந்த மூலையை முதலில் பிடிப்பது என்று போகும். அன்றைக்கே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்றில்லை. அந்த ஆண்டு கூரைக்கான தொகையை மட்டும் அன்றே வசூலித்துவிடுங்கள், ஐப்பசிக்கு முன்னால் ஓட்டுக்காரர் ஏணி வைத்தாக வேண்டும்.